பனி ஊர்ப் புத்தகமும் கடலூர் மொட்டை மாடியும்: பூச்சி உண்ணும் செடிகளை நம் கரையில் வளர்ப்பது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “பூச்சி உண்ணும் தாவரங்களை வளர்ப்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டி நூல் வாங்கி இரண்டு தடவை படித்தேன். அதில் சொன்னபடியே வீனஸ் பூச்சிப்பிடிப்பான் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து, தெற்கு ஜன்னலில் வைத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். பிப்ரவரியில் வந்த செடி மே மாதம் கருகிவிட்டது. புத்தகம் தப்பா, நான் செய்தது தப்பா? நம் ஊரில் இதெல்லாம் வளருமா?”

வளரும். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடல் காற்று நேராக வந்து மோதும் ஒரு வீட்டு மாடியில் பதினோரு வருடமாக வளர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது, அதுவும் மூன்று தடவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் புத்தகம் தப்பில்லை. ஆனால் அது பனி விழும் ஊரில் இருப்பவருக்காக எழுதப்பட்டது. அதில் ‘ஏன்’ என்று விளக்கும் பக்கங்கள் எல்லாம் நமக்கும் அப்படியே பொருந்தும். ‘எந்த மாதம்’, ‘எந்த ஜன்னல்’, ‘எந்தச் செடி சுலபம்’ என்று வரும் இடங்களைத்தான் நம் ஊருக்கு மாற்றிக் கணக்குப் போட வேண்டும்.

அந்தத் தெற்கு ஜன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கு வானத்தில்தான் நிற்கும். அவர்களுக்குத் தெற்கு ஜன்னல் என்றால் அதிக வெயில் என்று பொருள். நாம் இருப்பது கிட்டத்தட்ட 12 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. அப்புறம் ஆகஸ்ட் 20 வாக்கு வரைக்கும் நண்பகலில் அது வடபக்கம் சாய்ந்துதான் இருக்கும். பிப்ரவரியில் உங்கள் ஜன்னலில் நன்றாக வெயில் விழுந்திருக்கும். மே மாதம் சன்ஷேடுக்குக் கீழே அந்தச் செடிக்கு நேர் வெயில் ஒரு கீற்றுகூடக் கிடைத்திருக்காது. அறையின் புழுக்கம் மட்டும் கிடைத்திருக்கும். வெளிச்சம் இல்லாத சூடு இந்தச் செடிகளுக்கு ஆகவே ஆகாது. நம் ஊரில் கிழக்குப் பார்த்த இடமோ மொட்டை மாடியோதான் சரி.

அடுத்தது தண்ணீர். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல இடம் உண்டு என்றால் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வேன்.

இந்தச் செடிகளின் சொந்த ஊர் சதுப்பு நிலம், மழையால் அலசி அலசிச் சத்தெல்லாம் போன மணல், புளித்த பாசி மண். மண்ணில் தழைச்சத்து இல்லாததால்தான் பூச்சியிடம் இருந்து எடுத்துக்கொள்ளும்படி இலைகள் மாறின. வேர் பெரும்பாலும் தண்ணீர் உறிஞ்சத்தான். உப்பையும் சுண்ணாம்பையும் சமாளிக்கும் பழக்கம் அந்த வேருக்குக் கிடையாது. நம் கரையோர போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பக்கெட்டில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது, குழாய் முனை ஒரு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை என் வீட்டு போர் தண்ணீரில் வைத்தால் 900-க்கு மேல் காட்டுகிறது. இந்தச் செடிகளுக்கு 50-க்குள் இருந்தால் நல்லது, 100 கடைசி எல்லை.

என் முதல் செடி எப்படிப் போனது என்று இப்போதும் கண் முன்னே நிற்கிறது. கேன் தண்ணீர்தான் ஊற்றினேன், சுத்தமான தண்ணீர் என்ற நம்பிக்கையில். மூன்றாவது வாரம் தொட்டியின் விளிம்பில், பாசி மண்ணுக்கு மேலே, நகத்தால் சுரண்டினால் உதிரும் ஒரு மெல்லிய வெள்ளை வளையம் கட்டியது. அடுத்த வாரம் இலைகளின் ஓரம் பழுப்பானது. பிறகு நடுக்குருத்தே கருத்தது. கேன் தண்ணீரில் ருசிக்காகத் தாது உப்புகள் சேர்ப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டு ஆர்.ஓ. எந்திரங்களிலும் பலவற்றில் உப்பைத் திரும்பக் கலக்கும் பகுதி ஒன்று உண்டு. அதனால் செடிக்கு முன்னால் மீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். கையில் கிடைக்கும் ஒவ்வொரு தண்ணீரையும் அளந்து பாருங்கள். ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீர் பெரும்பாலும் உப்பே இல்லாமல் இருக்கும். அதைப் பிடித்து வைத்து நான் நிறையப் பயன்படுத்துகிறேன்.

இருந்தாலும் மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. அதைச் சேர்ப்பது நாம் நினைப்பதைவிடச் சுலபம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இரண்டு சதுர மீட்டருக்கு ஒரு சுத்தமான பிளாஸ்டிக் ஷீட்டைச் சாய்வாகக் கட்டினால், 100 மி.மீ. மழைக்கு ஒரு 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அது ஒன்றிரண்டு நாள் மழை. இப்போது செலவைப் பாருங்கள். 30-க்கு 40 செ.மீ. அளவுள்ள ஒரு தட்டில் ஐந்தாறு தொட்டிகள் வைத்தால், கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். ஏப்ரலில் இருந்து ஜூலை முடிய நாலு மாதத்துக்கு 120 லிட்டர். ஒரு டிரம் தாராளம். சிமெண்ட் தளத்தில் ஓடி வரும் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், அது சுண்ணாம்பை அரித்துக்கொண்டு வரும். பருவத்தின் முதல் மழையையும் விட்டுவிடுங்கள். அது ஷீட்டில் படிந்த கடல் காற்றின் உப்பைக் கழுவிக்கொண்டு போகட்டும். டிரம்மை இறுக்கமாக மூடி நிழலில் வைத்தால் பாசி பிடிக்காது.

நல்ல தண்ணீரையே ஊற்றினாலும் தட்டில் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மாதம் ஒரு தடவை தட்டைக் காலி செய்துவிட்டு, தொட்டியின் மேலிருந்து மழைத் தண்ணீரை ஊற்றி, கீழே வழிய விடுங்கள். அந்த வெள்ளை வளையம் வரவே வராது.

சரி, எந்தச் செடி? இங்கேதான் புத்தகம் நம்மை அதிகமாகத் திசை மாற்றுகிறது. அநேகமாக எல்லா வழிகாட்டியிலும் ‘தொடங்குபவருக்கு ஏற்றவை’ என்று வீனஸ் பூச்சிப்பிடிப்பானும், தென்னாப்பிரிக்காவின் டிரோசீரா கேப்பென்சிசும், வட அமெரிக்க சாரசீனியாவும் இருக்கும். மூன்றும் குளிர் கண்ட செடிகள். கேப்பென்சிஸ் நம் ஊரில் தை, மாசியில் அழகாக வளரும், கத்திரி வெயிலில் துவண்டுவிடும். சில சமயம் வேரில் இருந்து மறுபடி துளிர்க்கும். அவர்களுக்குக் களை மாதிரி வளர்வது நமக்குக் கைக்குழந்தை மாதிரி.

நமக்கு ஏற்ற செடி எங்கோ இல்லை, பக்கத்திலேயே இருக்கிறது. அழுகண்ணி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சித்த மருத்துவம் அறிந்தவர்கள் தொழுகண்ணியோடு சேர்த்துச் சொல்லும் பெயர். புத்தகம் டிரோசீரா என்று சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். டிரோசீரா இண்டிகா, டிரோசீரா பர்மானி என்ற இரண்டு வகைகள் நம் சமவெளியில் தானாக முளைப்பவை. கேப்பர் மலையில் இருந்து இந்தப் பக்கம் உள்ள செம்மண் மேடுகள் எல்லாம், நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்த பாறையின் மேல் அமைந்தவை. சத்துக் குறைந்த, தண்ணீர் வடிந்து போகும் மண். அப்படிப்பட்ட மண்ணில், மழைக்குப் பிறகு சில வாரங்கள் ஈரம் கசியும் தாழ்வான இடத்தில்தான் இவை பிழைக்கின்றன.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பின் ஓரத்தில், மார்கழி காலையில், முதல் தடவை இண்டிகாவைப் பார்த்தேன். சாணுக்கும் குறைவான உயரம். நூல் மாதிரி இலைகள், ஒவ்வொரு நூலிலும் சிவப்பு மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி. புல்லில் இருந்த பனி ஒன்பது மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. இந்தத் துளி மட்டும் காயவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரல் நுனியால் தொட்டால் பசை நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அழுகிற கண் என்று இதற்குப் பெயர் வைத்தவர், என்னைப் போலவே வெயிலுக்கு எதிராக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அங்கிருந்து பிடுங்கி வராதீர்கள், தயவு செய்து. நான் கேட்டுக்கொள்வதில் முக்கியமானது இது. மழைக்கு முளைத்து, பூத்து, விதை போட்டு, நிலம் காயும்போது மடியும் செடி இண்டிகா. வேர் மெல்லியது, பெயர்த்து நட்டால் பிழைப்பது அபூர்வம். விதை விழுவதற்கு முன்னால் எடுத்தால் அடுத்த வருடம் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. மனைப்பிரிவு போட்டு மேடுகள் ஏற்கெனவே மட்டமாகிக்கொண்டு இருக்கின்றன. பர்மானி விதை வளர்ப்பவர்களிடம் சுலபமாகக் கிடைக்கும். அதில் தொடங்குங்கள்.

பர்மானி ஒரு ரூபாய் நாணயம் அளவில் தரையோடு ஒட்டி வட்டமாக விரியும் செடி. விதை தூள் மாதிரி இருக்கும். ஈரப் பீட் மண்ணின் (சதுப்பு நிலப் பாசி மக்கிய மண்) மேல் தூவினால் போதும், மூடக்கூடாது. நல்ல வெயிலில் இலைகள் சிவந்துவிடும். மகரந்தச் சேர்க்கைக்கு யாரையும் எதிர்பார்க்காமல் தானே விதை பிடிக்கும், பக்கத்துத் தொட்டிகளிலும் முளைக்கும். இந்தக் குடும்பத்தில் பல செடிகள் பூச்சியைச் சுற்றி வளைக்க நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ எடுத்துக்கொள்ளும். பர்மானியின் ஓரத்து நீண்ட மயிர்கள் சில நொடியில் வளைந்துவிடும். ஒரு நாள் காலையில் எள்ளைவிடச் சின்ன ஈ ஒன்று இலை ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை எடுக்கப் பார்த்தது. அதற்குள் ஓர மயிர் ஒன்று எழுந்து, அதை இலை நடுவில் உள்ள பசையில் தள்ளிவிட்டது. நான் மூச்சு விட்டுத் திரும்ப இழுப்பதற்குள் எல்லாம் முடிந்தது. இதைப் பார்க்க வீனஸ் வாங்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது, குடுவைச் செடி, அதாவது நெப்பந்தஸ். இதில் மலை வகை, சமவெளி வகை என்று இரண்டு பிரிவு உண்டு. வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்கக்கூடாது. மலை வகைக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும், நம்மால் கொடுக்க முடியாது. சமவெளி வகைகளுக்கு நம் கரையோர ஈரக்காற்று நன்றாக ஒத்துப்போகிறது. பக்கத்து இலங்கையின் ஈரமான தென்மேற்குத் தாழ்நிலத்திலேயே ஒரு வகை இயற்கையாக வளர்கிறது, சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். நர்சரிகளில் கிடைக்கும் வென்ட்ராட்டா, மிராண்டா போன்ற கலப்பினங்கள் சூடு தாங்கும். முதல் குடுவைச் செடியாக வென்ட்ராட்டாவையே சொல்வேன். மேகாலயாவின் காசியானாதான் இந்தியாவுக்கே சொந்தமான ஒரே நெப்பந்தஸ். அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. யாராவது விலை குறைத்துக் கொடுத்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காட்டில் இருந்து வந்ததாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குடுவைச் செடியைத் தட்டுத் தண்ணீரில் நிற்க வைக்காதீர்கள், வேர் அழுகும். தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல் துகள், கொஞ்சம் கரித்துண்டு கலந்து, மேலிருந்து ஊற்றி வடிய விடுங்கள். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். இலை நுனியில் குடுவை வராமல் மொட்டை வாலாகவே நின்றால் வெளிச்சம் போதவில்லை, அல்லது காற்றில் ஈரம் இல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது என் செடியிலும் குடுவை வராது. கவலைப்பட மாட்டேன், புரட்டாசி முடிந்தால் தானாக வரும். வேறு தொட்டிக்கு மாற்றுவதையும் பதியன் போடுவதையும் ஐப்பசி மழை தொடங்கியதும் செய்யுங்கள். ‘வசந்த காலத்தில் மாற்று’ என்று புத்தகம் சொல்வதைக் கேட்டு மார்ச்சில் வேரைக் கலைத்தால், புது வேர் பிடிப்பதற்குள் கத்திரி வந்துவிடும்.

மண் பற்றிச் சுருக்கமாக. அழுகண்ணிக்குப் பீட் மண்ணும் கழுவிய மணலும் பாதிப் பாதி. கடல் மணல் கூடவே கூடாது, உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். ஆற்று மணலிலும் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கோகோ பீட் வாங்கினால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்த நீரை மீட்டரில் பார்த்து, எண் இறங்கும் வரை அலசுங்கள். மண் தொட்டி அழகுதான், ஆனால் உப்பைக் கசிய விடும். பிளாஸ்டிக்கே நல்லது. மண்புழு உரம், பஞ்சகவ்யம், எருவு எதுவும் வேண்டாம். மற்ற செடிக்கு அமுதமாக இருப்பது இதற்கு விஷம்.

தீனி போட வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாடியில் இருக்கும் செடிக்கு வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். இறைச்சி, பன்னீர் எல்லாம் வைத்தால் இலை அழுகும். கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்பது பற்றிப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருக்கும். நம் வெயிலில் அது இட்லிப் பானை. தாண்டிப் போய்விடுங்கள்.

கத்திரி வெயிலில் ஆபத்து தலைக்கு மேல் இருப்பதைவிடக் காலுக்குக் கீழேதான் அதிகம். சிமெண்ட் தளம் பகல் முழுக்கச் சூடு வாங்கி இரவிலும் விடாமல் தள்ளும், வேர் வெந்துவிடும். தட்டைத் தளத்தில் வைக்காமல் பலகை போட்டு, அதன் மேல் தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். தொட்டி வெள்ளை நிறத்தில், கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ஏப்ரல் கடைசியில் 50 சதவீத நிழல் வலை கட்டி, ஆவணியில் கழற்றுவேன். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் படிக்கட்டுக்குக் கீழே இறக்கிவிடுவேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தப்பியவை அப்படி இறக்கியவைதான்.

கொசு விஷயத்தை விட்டுவிடக்கூடாது. ‘இந்தச் செடி வைத்தால் கொசு வராதா’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். உண்மை நேர் எதிர். நாம் வைக்கும் தட்டுத் தண்ணீர் டெங்கு கொசு முட்டையிடத் தோதான இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். நான் தட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஊற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தட்டைக் கவிழ்த்து, துடைத்து, திரும்ப வைக்கிறேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைச் செய்ய முடியுமா என்று முதலில் யோசித்துவிட்டுச் செடி வாங்குங்கள். கொசுப் புழு தின்னும் செடி ஒன்று உண்டு, யூட்ரிகுலேரியா. பாகூர்ப் பக்கம் வயல் வாய்க்காலில் மஞ்சள் பூவோடு மிதப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் அதன் குட்டிப் பைகள் இரையை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உறிஞ்சிவிடும். ஆனால் ஒரு தொட்டிப் புழுக்களையும் அது தீர்த்துவிடாது, கப்பி மீனும் வேண்டும்.

கடைசியாக உங்கள் வீனஸ். அமெரிக்காவில் வடக்கு, தெற்கு கரோலினா மாநிலங்களின் கரையோரத்தில் மட்டும் இயற்கையாக வளரும் செடி அது. அங்கே கோடை நம்மைப் போல வியர்க்கும், ஆனால் குளிர்காலத்தில் உறைபனி வரும். மூன்று நாலு மாதம் உறங்கி எழுந்தால்தான் அதற்கு அடுத்த வருடம் தெம்பு. நம் ஊரில் தை மாத இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பகலின் நீளமும் 11 மணி 20 நிமிடத்துக்கும் 13 மணி நேரத்துக்கும் நடுவிலேயே இருப்பதால், குளிர்காலம் வந்ததே அதற்குத் தெரியாது. உறங்காமல் வளர்ந்து களைத்து, இரண்டாவது கோடையில் போய்விடும். நான் இப்போது வைத்திருக்கும் ஒன்றை டிசம்பர் தொடக்கத்தில் தொட்டியில் இருந்து எடுத்து, கருத்த இலைகளை நீக்கி, கிழங்கை ஈரமான ஸ்பாக்னம் பாசியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் பிப்ரவரி நடு வரை வைக்கிறேன். பத்து நாளுக்கு ஒரு தடவை பூஞ்சை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலாவது வருடம் ஓடுகிறது. உங்களுக்கு அது முதல் செடியாக இருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அதற்காகக் கருகிய தொட்டியை இன்னும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மண்ணை மெதுவாக விலக்கி, இலைகள் சேரும் இடத்தில் உள்ள கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். குழைந்து பழுப்பாக இருந்தால் முடிந்தது. வெள்ளையாக, கெட்டியாக, சின்ன வெங்காயம் மாதிரி இருந்தால் உயிர் இருக்கிறது. கருத்த இலைகளை வெட்டிவிட்டு, மழைத் தண்ணீரில் கிழங்கைக் கழுவி, புதுப் பீட் மண்ணில் நட்டு, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் வையுங்கள். துளிர் வர ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை மண் ஈரமாக இருந்தால் போதும், தட்டில் தண்ணீர் வேண்டாம்.